வீரர் யார் என்று கேட்ட நாள்: திருகோணமலைப் பாடசாலை ஒன்றில் நடந்த எழுத்தாளர் வருகை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில், திருகோணமலை நகரை அண்டிய ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையின் தரம் 7 மாணவருக்காக ஒரு சிறுவர் எழுத்தாளரை அழைத்திருந்தோம். அந்தப் பாடசாலையின் நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர் என்ற முறையில் வருகையை ஒழுங்கு செய்தவன் நான். அன்று நடந்தவற்றில் பெரும்பகுதிக்கு என் திட்டமிடலே காரணமாக இருந்ததால், இதைப் பதிவு செய்வதும் என் கடமை என்று கருதுகிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வகுப்பில் 36 பிள்ளைகள் இருந்தனர். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பங்களிலிருந்து வருவோரும், நகரில் அரச வேலை பார்ப்போரின் பிள்ளைகளும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து பின்னர் நகர்ப்புறத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். முஸ்லிம் பிள்ளைகளும் சிலர் உண்டு. எல்லோரும் 2009 க்குப் பின் பிறந்தவர்கள். ஆகவே போர் அவர்களுடைய அனுபவத்தில் இல்லை என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அனுபவத்தில் இல்லாதது வீட்டுச் சுவரிலும் அம்மம்மாவின் பேச்சிலும் இருக்கக்கூடும் என்பதை அப்போது போதிய அளவு யோசிக்கவில்லை.

அழைப்புக்குக் காரணம் எளியது. முந்திய தவணையில், தாம் மதிக்கும் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னபோது, பெரும்பாலான பிள்ளைகள் நடிகர்களையோ கிரிக்கெட் வீரர்களையோ தெரிந்தெடுத்தார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் ஒரே வாக்கியங்கள் கொப்பிக்குக் கொப்பி திரும்ப வந்தன. அந்த மனிதர் என்ன செய்தார், ஏன் அவரை மதிக்கிறோம் என்ற பகுதி எல்லாவற்றிலும் வெறுமையாக இருந்தது. வேறு மாவட்டத்திலிருந்து வரும் இந்த எழுத்தாளர், பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; பிள்ளைகளுக்கு முன்னால் கதை சொல்வதில் பழக்கம் உள்ளவர். வீரம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளோடு பேசித் தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டோம்.

முன்னாயத்தம்

தொலைபேசியில் இரண்டு முறை பேசினோம். இரண்டு பாடவேளைகள், இடையில் இடைவேளை என்று நேரத்தைப் பிரித்தோம். முதலாவதில் மூன்று கதைகள்: கோணேசர் கோயிலுக்கும் கந்தளாய்க் குளத்துக்கும் திருப்பணி செய்தவனாக மரபு சொல்லும் குளக்கோட்டன், 1803 இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன், காரைதீவில் 1892 இல் பிறந்து திருகோணமலையிலும் கல்விப் பணி செய்த சுவாமி விபுலானந்தர். கதைகள் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து "என்னுடைய வீரர் இவர்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது பாடவேளையில் அவரைப் பிரிஸ்டல் அட்டையில் வரைந்து நூலகச் சுவரில் ஒட்ட வேண்டும். எழுந்து நின்று சொல்லும் பகுதியைச் சேர்த்தவன் நான். பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாகவும் இருக்கும் என்பது என் நினைப்பு.

அறிவித்தல் பலகையில் "வீரர்களை அறிவோம்" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த அதிபர் என்னை அழைத்து, அந்தச் சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்டார். அவர் காரணத்தை நீட்டிச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. நம் பிரதேசத்தில் அந்தச் சொல் பாடப்புத்தகத்தில் ஒரு பொருளோடும் வீடுகளில் இன்னொரு பொருளோடும் வாழ்கிறது. போரில் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் நெருங்கும் காலத்தில் அந்த இரண்டாவது பொருளே உரத்துக் கேட்கும். "நாயகர்கள்" என்று மாற்றினேன். அது பிள்ளைகளை நேரே திரைப்படத்துக்குக் கொண்டுபோய்விடும் என்று எழுத்தாளர் சொன்னதால், தலைப்பில் ஒரு சொல்லும் பேச்சில் இன்னொரு சொல்லுமாக விட்டுவிட்டோம். அதிபர் எழுப்பிய கவலை சொல்லைப் பற்றியது மட்டுமன்று என்பதை நாங்கள் விளங்கிக்கொண்டிருந்தால், கேள்வியையும் மாற்றியிருப்போம். சொல்லை மாற்றியதோடு கவலை தீர்ந்துவிட்டதாக நடந்துகொண்டோம்.

முதலாவது பாடவேளை: கதைகள்

தொடக்கம் நன்றாகவே இருந்தது. குளக்கோட்டன் கதையை அவர் அரசனிலிருந்து தொடங்காமல் கோட்டை வாசலிலிருந்து தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலுக்குப் போகிற பிள்ளைகள் அனைவரும் அந்த வாசலைக் கடந்தே போகிறார்கள். அந்த வாசற்கல்லில் இரட்டை மீன் பொறித்திருப்பதையும், குளக்கோட்டன் முன்னே செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்ற பொருளில் சிதைந்த தமிழ் எழுத்துகள் இருப்பதையும் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒரே ஒரு கை உயர்ந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அங்கே நிற்கும் மான்கள் தெரியும், கல் தெரியாது. 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியதையும், அந்தக் கற்களில் ஒன்று இன்று வாசலில் நின்று கதை சொல்வதையும் அவர் விவரித்தபோது வகுப்பு அசையாமல் கேட்டது.

பண்டாரவன்னியன் கதை ஆண்பிள்ளைகளை ஈர்த்தது. விபுலானந்தர் கதை, சொல்ல வருத்தமாக இருந்தாலும், பிறந்த ஆண்டும் வகித்த பதவிகளுமாகப் போய்விட்டது.

கதைகளுக்கு நடுவே ஒரு பையன் எழுந்து, "ரீச்சர், இராவணன் வீரனா இல்லையா?" என்று கேட்டான். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவைக் கண்டு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்து வளரும் ஒரு பிள்ளையிடமிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்பு. அவனுக்கு இராவணன் கதைப்புத்தகத்து அரக்கனும் அல்லன், தூரத்து அரசனும் அல்லன். பக்கத்து ஊர்க்காரனைப் போல. எழுத்தாளர் தாமாகப் பதில் சொல்லவில்லை. காலைப் பிரார்த்தனையில் சம்பந்தரின் கோணமலைப் பதிகம் பாடும் பிள்ளைகள் யார் என்று கேட்டார். பலர் கைகளை உயர்த்தினர். அதன் எட்டாவது பாட்டில் மலையை எடுத்தவனின் செருக்கை இறைவன் விரலால் அடக்கியதும், பிறகு அவன் போற்றிப் பாடியபோது அவனுக்கு அருளியதும் சேர்ந்தே வருகின்றன என்று விளக்கிவிட்டு, "ஒரே ஆள்தான். பிழை செய்ததும் அவர், பாடினதும் அவர். பாட்டு இரண்டையும் மறைக்கவில்லை. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று வகுப்பிடமே கேள்வியைத் திருப்பினார். ஐந்தாறு நிமிடம் நல்ல வாதம் நடந்தது. அன்றைய நாளின் மிகச் சிறந்த கற்பித்தல் அதுதான் என்பது என் மதிப்பீடு. ஒருவரை முழுதாக ஏற்கவோ முழுதாகத் தள்ளவோ வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்லிப் பார்த்தார்கள்.

கேள்வி எழுந்த இடம்

அடுத்து, திட்டப்படி, ஒவ்வொருவராக எழுந்து சொல்லத் தொடங்கினர். நடிகர்கள் வந்தனர். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்த முரளிதரன் வந்தார். இரவில் கடலுக்குப் போகும் தன் அப்பாவைச் சொன்னான் ஒருவன்.

மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி எழுந்து, "எங்கட மாமா. வீட்டில படம் இருக்கு. மாலை போட்டிருக்கு," என்றாள். அவர் எப்போது, எவ்வாறு இறந்தார் என்பதை அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் வகுப்பில் இருந்த பெரியவர்கள் இருவருக்கும் அது எந்தக் காலத்து மரணம் என்பது விளங்கியது. எழுத்தாளர் தலையசைத்து, "இருங்கோ மகள்," என்றார். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு முஸ்லிம் மாணவன், கை உயர்த்தாமல், இருந்தபடியே கேட்டான்: "எங்கட சாச்சாவும் அந்த நேரந்தான் மௌத்தானவர். அப்ப அவரும் வீரரா?"

அவனுடைய குரலில் சண்டை இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னர் இந்தச் சம்பவம் பாடசாலைக்கு வெளியே வேறு விதமாகப் பேசப்பட்டபோது, அவன் அந்தப் பிள்ளையை மறுத்துப் பேசியதாகச் சிலர் நினைத்தார்கள். அவ்வாறு நடக்கவில்லை. தன் வீட்டு மரணத்துக்கும் ஒரு பெயர் உண்டா என்பதையே அவன் கேட்டான்.

வகுப்பு அமைதியானது. அந்த மாணவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஓரிருவர் சிரித்தனர், அது கேலியன்று, என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகளின் சிரிப்பு.

அந்த நேரத்தில் எடுத்த முடிவுகள்

எங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த பிள்ளையை அழைக்கலாம், அந்த மாணவனுக்கு ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லலாம், சுற்றை நிறுத்தலாம்.

முதலாவது வழியை எழுத்தாளர் ஏற்கவில்லை. அடுத்த பிள்ளை ஒரு நடிகரின் பெயரைச் சொல்லியிருந்தால், இரு வீட்டு இழப்புகளும் அந்தப் பெயரின் கீழ் புதைந்துபோயிருக்கும். இரண்டாவது வழி இன்னும் ஆபத்தானது. ஆம் என்றாலும் இல்லை என்றாலும், தான் அறியாத இரண்டு மனிதரைப் பற்றி, அவர்களுடைய பிள்ளைகளுக்கு முன்னால், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தீர்ப்புச் சொல்வதாக அது முடியும். அவர் வகுப்பைப் பார்த்து மெதுவாகச் சொன்னது இது: "அவங்க இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது. இரண்டு வீட்டிலயும் ஒரு ஆள் குறைஞ்சிருக்கு. அது மட்டும் எனக்கு விளங்குது. தெரியாத ஆக்களுக்கு நான் பேர் வைக்கக்கூடாது. நான் இந்தக் கேள்வியை இப்பிடிக் கேட்டிருக்கக்கூடாது. அது என்ர பிழை." பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர் தன் பிழையை ஒப்புக்கொண்டது, அந்தக் கணத்தில் வகுப்பின் இறுக்கத்தைத் தளர்த்தியதைக் கண்டேன். உண்மையில் அந்தப் பிழை என்னுடையது. எழுந்து நின்று சொல்லும் சுற்று என் யோசனை.

சுற்றை அத்துடன் நிறுத்தினோம். இடைவேளைக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்ததால், பிள்ளைகளை முன்கூட்டியே வெளியே விட்டோம். அந்த மாணவியிடம் யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்டேன். தன் தோழியோடு நூலகத்தில் இருக்கிறேன் என்றாள். வகுப்பாசிரியைக்கு அறிவித்தேன். வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் அன்று வேறு கடமைக்காக வலயக் கல்வி அலுவலகம் போயிருந்தார். இத்தகைய ஒரு நாளில் அவர் பாடசாலையில் இருக்கிறாரா என்பதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

அந்த மாணவனிடம் யாரும் பேசவில்லை. அழுத பிள்ளையைக் கண்டோம்; கேள்வி கேட்ட பிள்ளையை விட்டுவிட்டோம்.

இரண்டாவது பாடவேளை

இடைவேளையில் தேநீரோடு இருந்து திட்டத்தை மாற்றினோம். வீரர் என்ற ஆளைத் தேடுவதை விட்டு, ஒருவர் செய்த ஒரு காரியத்தைத் தேடச் செய்யலாம் என்று எழுத்தாளர் சொன்னார். மடித்த தாள் ஒன்றில் மூன்று கேள்விகளுக்கு எழுத வேண்டும்: என்ன நடந்தது, அந்த இடத்தில் ஒருவர் என்ன செய்தார், அதனால் அவருக்கு என்ன கஷ்டம் வந்தது. பெயர் எழுத வேண்டாம். யாரும் வாசித்துக் காட்டவும் வேண்டாம். பிள்ளை தன் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நான் சேர்த்தேன். பிறக்கும் முன் நடந்தவற்றுக்குள் மறுபடி போகாமல் தடுப்பதே அதன் நோக்கம்.

அந்தத் தாள்கள் என்னை வியப்பில் ஆழ்த்தின. முந்திய தவணைக் கட்டுரைகளில் வெறுமையாகக் கிடந்த பகுதி, இப்போது நிறைந்திருந்தது. 2022 இல் மண்ணெண்ணெய் வரிசையில் இரவெல்லாம் நின்ற ஒருவர், கைக்குழந்தையோடு வந்த தாய்க்குத் தன் இடத்தைக் கொடுத்து, வெறும் கானோடு வீடு திரும்பியதை ஒரு பிள்ளை எழுதியிருந்தது. குவைத்துக்குப் போன அம்மா, விமான நிலையத்தில் அழாமல் நின்றுவிட்டு, பிறகு தொலைபேசியில் அழுததை இன்னொரு பிள்ளை எழுதியது. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை எனப்படும் மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தனர். அன்று உடுப்போடு தண்ணீரில் இறங்கிய உறவினர் ஒருவரைப் பற்றி, அவர் அதன் பின் பல நாள் சோறு தின்னாமல் இருந்ததையும் சேர்த்து, ஒரு மாணவன் எழுதியிருந்தான். கஷ்டம் என்ன என்ற மூன்றாவது கேள்வியே இந்தத் தாள்களைக் கனப்படுத்தியது. புகழ்ந்து எழுதுவதற்கு மட்டும் பழகிய பிள்ளைகள், புகழின் விலையையும் பார்த்தார்கள்.

இப்படிப்பட்டவரை என்னவென்று அழைக்கலாம் என்று முடிவில் எழுத்தாளர் கேட்டார். ஒரு மாணவி, "முன்னுக்குப் போன ஆள்," என்றாள். எல்லோரும் பின்னுக்கு நிற்கும்போது ஒருவர் முன்னுக்குப் போகிறார், அவ்வளவுதான் என்று அவள் விளக்கினாள். நாங்கள் ஒரு வாரம் தேடியும் கிடைக்காத சொல் அது. வகுப்பு அதையே வைத்துக்கொண்டது.

மாமாவைச் சொன்ன மாணவி வெறுந்தாளைத் திருப்பித் தந்தாள். கண்ணால் கண்டதை மட்டும் எழுது என்ற என் நிபந்தனை அவளுக்குக் கதவைச் சாத்திவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. படத்தில் மட்டும் பார்த்த ஒருவரைப் பற்றி அவள் என்ன எழுதுவாள்? பாதுகாப்புக்காகப் போட்ட வேலி, யாருக்காகப் போட்டோமோ அவளையே வெளியே நிறுத்தியது.

பின்வந்த நாட்கள்

மறுநாட்காலை அந்த மாணவியின் அம்மம்மா பாடசாலைக்கு வந்தார். பிள்ளை இரவு சாப்பிடவில்லை என்றும், வீட்டில் இருக்கும் படத்தைக் கழற்றச் சொல்லிப் பாடசாலையில் சொன்னார்களா என்றும் கேட்டார். அப்படி யாரும் சொல்லவில்லை. ஆயினும் பிள்ளை அவ்வாறு விளங்கிக்கொண்டிருந்தாள் அல்லது அவ்வாறு விளங்கும்படி வீட்டில் சொல்லியிருந்தாள். அதிபர், வகுப்பாசிரியை, நான் ஆகிய மூவரும் அவரோடு இருந்து, நடந்ததை வரிசையாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டோம். விளக்கத்தைவிட, மூன்று பேர் தன்னோடு உட்கார்ந்து முழுதாகக் கேட்டதே அவரை அமைதிப்படுத்தியது என்று நினைக்கிறேன். போகும்போது, தன் மகனைப் பற்றிப் பேத்திக்கு இதுவரை எதுவும் சொன்னதில்லை என்றும், படத்தைத் துடைத்து மாலை மாற்றியதோடு சரி என்றும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் தந்தாள். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில், மாமா சைக்கிளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி மூன்று முறை போய் வந்ததை அம்மம்மா சொல்ல, அவள் எழுதியிருந்தாள். அவர் பின்னர் எப்படி இறந்தார் என்பது அதில் இல்லை. வகுப்பில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். வாசிக்கவில்லை, தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

சாச்சாவைப் பற்றிக் கேட்ட மாணவனிடம் ஒரு வாரத்துக்குப் பின்பே பேசினேன். "சும்மா கேட்டன் சேர்," என்றான். அவன் சும்மா கேட்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்ட அன்றே பேசியிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். அந்த ஒரு வாரத்தில் அவன் அந்தக் கேள்வியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். இந்த நிகழ்வில் நாங்கள் சரிசெய்ய முடியாமல் போன பகுதி இதுவே.

இனி மாற்றவிருப்பவை

அடுத்த வருகைக்கான ஒழுங்குகளை இப்போது வேறு விதமாகச் செய்கிறோம். வரும் எழுத்தாளர் ஒரு நாள் முன்னதாக வந்து வகுப்பாசிரியையோடு இருந்து, எந்தெந்த வீடுகளில் எத்தகைய இழப்புகள் உண்டு என்பதைப் பெயர் குறிப்பிடாமல் அறிந்துகொள்வார். கேட்கப்போகும் கேள்விகள் ஒரு வாரத்துக்கு முன்பே வீடுகளுக்குப் போகும். தயங்கும் பெற்றோருக்குத் தங்கள் தயக்கத்தைச் சொல்ல அது நேரம் கொடுக்கும். யாரையும் எழுந்து நின்று ஆளின் பெயரைச் சொல்லச் சொல்வதில்லை. வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இல்லாத நாளில் நிகழ்ச்சியை நடத்துவதில்லை. கண்ணால் கண்டதையோ, வீட்டில் ஒருவரிடம் கேட்டறிந்ததையோ எழுதலாம் என்று நிபந்தனையைத் தளர்த்தியிருக்கிறோம். கேட்டறியப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கொடுக்கிறோம். முதற் பாடவேளையின் மூன்று கதைகளை ஒன்றாகக் குறைத்து, வகுப்பைக் கோட்டை வாசலுக்கே கூட்டிப்போய் அந்தக் கல்லுக்கு முன்னால் கதை சொல்ல எழுத்தாளர் இசைந்திருக்கிறார்.

இவற்றில் இன்னும் உடன்பாடு எட்டாத ஒன்று உண்டு. போர்க்காலத்து மரணங்களைப் பற்றிய பேச்சு வகுப்பில் எழாமலே தடுப்பதுதான் பாதுகாப்பு என்று சக ஆசிரியர் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் எதையும் எழுப்பவில்லை. இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து அதைக் கொண்டுவந்தார்கள். இராவணனைப் பற்றி ஐந்து நிமிடம் அவ்வளவு தெளிவாக வாதிட்ட அதே பிள்ளைகளுக்கு, தங்கள் வீட்டு மனிதரைப் பற்றிப் பேசவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் 36 பேர் பார்த்திருக்கும் வகுப்பறையாக இருக்கத் தேவையில்லை என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த மாணவனின் தகப்பனாரைச் சந்திக்க நேரம் கேட்டிருக்கிறேன். எழுத்தாளரின் அடுத்த வருகைக்கு முன் அவரோடும் மகனோடும் ஒருமுறை இருந்து பேசுவதாக முடிவு செய்திருக்கிறோம்.